வாரண்டி முடிய பதினொரு நாள் இருந்தது

திருநெல்வேலி, பள்ளி ஆசிரியை

2022 ஆடித் தள்ளுபடியில் வாங்கிய ஃப்ரிட்ஜ். விலை 27,500 ரூபாய். நான்காவது மாதமே, ராத்திரி உள்ளே வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி வழிந்து கிடந்தது. பால் திரிந்தது. அப்போது என் மாமியாருக்கு இன்சுலின் ஊசி ஆரம்பித்திருந்தோம். அந்த மருந்தைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுபோய் வைக்க வேண்டி வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிய சங்கடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முதலில் வந்த மெக்கானிக், "கதவை அடிக்கடி திறக்கிறீங்கம்மா" என்று சொல்லி உள்ளே இருந்த குமிழைத் திருகி வைத்துவிட்டுப் போனார். இரண்டாவது முறை கேஸ் லீக் என்று கேஸ் ஏற்றினார்கள். ஏப்ரலில் மறுபடியும் கேஸ் ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, "ஃபோனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்பார்கள். நானும் சொல்லிவிடுவேன். அதைச் சொன்னால் என் புகார் 'சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளருக்குத் திருப்தி' என்று மூடப்படும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கி வைக்கவில்லை.

2023 ஜூலையில் குளிர் அடியோடு நின்றது. வாரண்டி முடிய பதினொரு நாள் இருந்தது. அன்றைக்கே புகார் பதிந்தேன். மெக்கானிக் வந்தது பதினான்காம் நாள். "வாரண்டி முடிஞ்சிருச்சும்மா. கேஸ், பைப் எல்லாம் சேர்த்து 4,800 ஆகும்" என்றார். புகார் எண் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினேன். "இன்னைக்குத் தேதிதாம்மா கம்ப்யூட்டர் எடுக்கும்" என்றார். கடைக்குப் போனால், "நாங்க விக்கிறதோட சரி, கம்பெனியில பேசுங்க" என்று கைகாட்டினார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தவணை கட்டி வாங்கிய பொருள். அவர்கள் தாமதத்துக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்தேன். பத்து நாளில் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. ஃப்ரிட்ஜ் பழசாகிவிட்டதாம், 30 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டு மாற்றித் தருவார்களாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பி பதினைந்து நாள் கெடு கொடுத்தேன். பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து மனு போட்டேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. மனுவை நானே எழுதினேன், நானே நின்று பேசினேன். முதல் நாள் கை நடுங்கியது உண்மை.

என்னிடம் இருந்தவை பில், வாரண்டி அட்டை, நான்கு புகார் எண்கள், ஃப்ரிட்ஜுக்குள் வெப்பமானியை வைத்து எடுத்த படங்கள். வெப்பமானி 14 டிகிரி காட்டியது. கம்பெனி தரப்பு, "வோல்டேஜ் குறைவால் வந்த பழுது, தயாரிப்புக் குறை என்பதற்கு நிரூபணம் இல்லை" என்றது. ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. ஒரே வருடத்தில் இரண்டு தடவை கேஸ் ஏற்றியது அவர்கள் பதிவேட்டிலேயே இருந்தது. "லீக் எங்கே என்று ஏன் பார்க்கவில்லை?" என்று ஆணையத்தில் கேட்டார்கள். பதில் வரவில்லை. புகார் கொடுத்த தேதிதான் கணக்கு, ஆள் வந்த தேதி இல்லை என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. ஆறு நாள் விடுப்பு போனது. முழு விலையும், மன உளைச்சலுக்கு 10,000 ரூபாயும், செலவுக்கு 5,000 ரூபாயும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பணமும் வந்தது.

மதுரை, பலசரக்குக் கடைக்காரர்

டீச்சரம்மாவிடம் பில் இருந்தது. என்னிடம் இல்லை. அதுதான் வித்தியாசம். இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும்போது, "பில் வேண்டாம்னா ஆயிரம் ரூபாய் குறைச்சுக்கலாம் அண்ணாச்சி" என்றார்கள். தெரிந்த கடைதானே என்று தலையாட்டினேன். வாரண்டி அட்டையில் 24+24 மாதம் என்று போட்டிருந்தது. முதல் 24 மாதத்தில் கெட்டால் புதுசு சும்மா கிடைக்கும். அடுத்த 24 மாதத்தில் புது பேட்டரி விலையில் ஒரு பங்கு கழிவு மட்டும்தான்.

என் பேட்டரி இருபத்து மூன்றாம் மாதம் படுத்தது. அட்டையில் கடை முத்திரையும் இல்லை, விற்ற தேதியும் இல்லை. பேட்டரியில் பொறித்திருந்த தயாரிப்பு மாதத்திலிருந்து எண்ணி, 26 மாதம் ஆச்சு என்றார்கள். கழிவு தருகிறோம் என்றார்கள், ஆனால் அந்தக் கழிவை எம்ஆர்பியில் கழித்தார்கள். வெளியே எந்தக் கடையிலும் அந்த எம்ஆர்பிக்கு விற்பதில்லை. கழிவு போக வந்த விலையும் பக்கத்துக் கடையில் புது பேட்டரி விலையும் 300 ரூபாய்தான் வித்தியாசம். வழக்குப் போட என் கையில் ஒன்றுமில்லை. விட்டுவிட்டேன். இப்போது என் கடையில் நூறு ரூபாய் சரக்குக்கும் பில் போட்டுத்தான் கொடுக்கிறேன்.

ஈரோடு, பத்தொன்பது வருஷம் சர்வீஸ் மெக்கானிக்

டீச்சர், நீங்க சொன்ன ஓடிபி சங்கதி நூத்துக்கு நூறு நெசம். எங்க பக்கத்து நெலமையையும் சொல்லிடறேன். எங்கள்ல நெறைய பேரு கம்பெனி ஆளுங்க இல்லீங்க, ஒப்பந்த சர்வீஸ் சென்டர் ஆளுங்க. ஒரு கால், அதாவது ஒரு புகார், முடிச்சா இவ்வளவுன்னு காசு. இத்தனை மணி நேரத்துல கால் மூடலைன்னா சென்டருக்குப் பிடித்தம். அதனால கோளாறு சரியாச்சோ இல்லையோ, மூடத்தான் பாப்பாங்க. பொருள் ஓடறதைக் கண்ணால பாக்காம ஓடிபி சொல்லாதீங்க. ஃப்ரிட்ஜுன்னா, "நாளைக்குக் காலையில பாத்துட்டுச் சொல்றேன்"னு தைரியமாச் சொல்லலாம்.

அப்புறம் ஜாப் ஷீட், அதாவது என்ன கோளாறு, என்ன வேலை பாத்தோம்னு எழுதற சீட்டு, கேட்டு வாங்குங்க. வாங்கி அதுல எழுதியிருக்கறதைப் படிங்க. 'வோல்டேஜ் பிரச்சினை', 'எலி கடி', 'துரு' இந்த மூணுல ஒண்ணு எழுதியாச்சுன்னா வாரண்டி இல்லைன்னு சொல்ல வழி கெடச்சிரும். உண்மையில்லைன்னா கையெழுத்துப் போடாதீங்க, இல்லைன்னா கீழயே 'எனக்குச் சம்மதமில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் இப்படி எழுதச் சொல்லிக் கொடுத்ததுக்கு சென்டர்ல திட்டு வாங்கியிருக்கேன்.

பத்து வருஷ வாரண்டின்னு கதவுல பெருசா ஒட்டியிருப்பாங்க. அது கம்ப்ரசருக்கு மட்டும்தான். முதல் வருஷம் தாண்டினா கேஸ், வெல்டிங், கூலி, வண்டிச் செலவு பெரும்பாலும் உங்க தலைலதான். வாங்கற அன்னைக்கே அட்டையை விரிச்சுப் படிச்சுக் கேளுங்க. சேல்ஸ்மேன் வாயால சொல்றதைப் பில்லு பின்னாடி எழுதித் தரச் சொல்லுங்க.

சென்னை, கல்யாணமாகி ஏழு மாதம்

தாய்மாமா சீராகக் கொடுத்த கிரைண்டர், டீச்சர். கோயம்புத்தூரில் வாங்கியது. கல் சுற்றும்போது உதறுகிறது, மாவில் கறுப்பாக ஏதோ கலந்து வருகிறது. வாங்கிய கடையில் கேட்டால், "பில் யார் பேர்ல இருக்கோ அவங்க இங்க நேர்ல வரணும்" என்கிறார்கள். மாமாவிடம் சொன்னால் மனசு வருத்தப்படுவார். கொடுத்த பொருளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

திருநெல்வேலி, பள்ளி ஆசிரியை

தங்கச்சி, வாங்கினவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். நீயே புகார் கொடுக்கலாம். 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த புது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம். இணையத்திலும் மனு போட வழி இருக்கிறது. பிரச்சினை ஆரம்பித்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அந்த மாவை மட்டும் இனிமேல் சாப்பிடாதே. கொஞ்சம் எடுத்து டப்பாவில் மூடி வை, கல் உதறுவதைத் தேதி தெரியும்படி வீடியோ எடு. மாமாவிடம் இப்படிச் சொல்: "நீங்க நல்ல காசு கொடுத்துத்தான் வாங்கினீங்க, அவங்கதான் உங்களை ஏமாத்தியிருக்காங்க." அவரே பில்லைத் தேடி எடுத்துக் கொடுப்பார். கடை பில் வழவழப்பான தாளில் அச்சடித்ததாக இருந்தால் எழுத்து மங்கிவிடும். கைக்கு வந்த அன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்துவிடு.