பத்து விநாடி நீலப்புகை: வால்வு சீலா, ரிங்கா?

ஸ்பேனர் அண்ணாச்சி:
தஞ்சாவூர்த் தம்பி ஒருவர் நேற்று கேட்டிருந்தார். 2009 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ், மீட்டரில் 71,000 கிலோமீட்டர், விலை 22,000 ரூபாய். காலையில் கிக்கரை உதைத்ததும் எண்ணெய் எரிகிற மாதிரி நீலமாகப் புகை வந்து பத்து விநாடியில் நின்றுவிட்டதாம். வாங்கலாமா என்று கேட்கிறார். அதற்குக் கோவை ரைடர் போட்ட பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "பத்து விநாடியில் நின்றால் வால்வுத் தண்டில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல்தான், 1,500 ரூபாய் வேலை, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்கிறார்.

யார் பணத்துக்கு யார் கண்ணை மூடுவது? திருநெல்வேலியில் 31 வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். இந்தப் பத்து விநாடிக் கதையை நம்பி வண்டியை வாங்கிவிட்டு, அடுத்த மாதமே போர் வேலைக்கு, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையைக் கடைந்து சரி செய்ய, என் பட்டறையில் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். தம்பி, போனது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கு. வாங்காதீர்கள்.

கோவை ரைடர்:
அண்ணாச்சி, வண்டியைப் பார்க்காமலே ரிங்கு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ரிங்கு தேய்ந்த வண்டி ஓடும்போதும் புகையும், மேட்டில் இழுக்கும்போது இன்னும் அதிகமாகப் புகையும். ராத்திரி நிறுத்தி வைத்த வண்டி காலையில் மட்டும் புகைந்து நின்றால், சீல் வழியாக எண்ணெய் கசிந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த விஷயம். பத்து விநாடி என்று தம்பி தெளிவாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தீர்களா?

ஸ்பேனர் அண்ணாச்சி:
படித்தேன். நீங்கள்தான் வண்டியின் பெயரைப் படிக்கவில்லை. ஸ்ப்ளெண்டரில் சிலிண்டர் நிமிர்ந்தா நிற்கிறது? படுத்துக் கிடக்கிறது. 1985-இல் வந்த சிடி 100 காலத்திலிருந்து அந்த இன்ஜின் அப்படித்தான். புல்லட் மாதிரி நின்றிருக்கும் இன்ஜினில் வால்வுகள் உட்கார்ந்திருக்கும் ஹெட்டு உச்சியில் இருக்கும், எண்ணெய் சொட்டிச் சொட்டி இறங்கும். படுத்த இன்ஜினில் எங்கே இருந்து எங்கே சொட்டும்? போரின் அடிப்பக்கத்தில் தங்கிய எண்ணெய் தேய்ந்த ரிங்கைத் தாண்டிப் போய்க் காலையில் எரிகிறது. புத்தகத்தில் படித்ததை எல்லா வண்டிக்கும் பொருத்தக் கூடாது.

கோவை ரைடர்:
படுத்திருந்தாலும் இன்டேக் வால்வு மேல்பக்கம்தானே இருக்கிறது? அதன் தண்டு சாய்வாக மேல்நோக்கி நிற்கிறது. சீல் காய்ந்து கல்லாகிப் போனால் தண்டு ஓடும் கைடு வழியாக, காற்று நுழையும் போர்ட்டுக்குள் எண்ணெய் இறங்கத்தான் செய்யும். படுக்கை இன்ஜினில் சீலே போகாது என்றால் கம்பெனிக்காரன் எதற்கு அந்தச் சீலைப் போட்டு வைத்திருக்கிறான்?

திருச்சி லேத்:
இரண்டு பேருக்கும் வணக்கம். நான் போர் போடுகிறவன். முதலில் "இன்ஜின் வேலை" என்றால் எது என்று பேசி முடிவு செய்யுங்கள். சீல் மாற்றுவதற்கும் ஹெட்டைக் கழற்றத்தானே வேண்டும், அதுவும் இன்ஜின் வேலைதான். ரிங்கு மட்டும் மாற்றுவது ஒன்று. போரைப் பெரிதாக்கி 0.25, 0.50 என்று அடுத்த அளவு பிஸ்டன் போடுவது வேறு. கிராங்க்கைப் பிரிப்பது முற்றிலும் வேறு. அந்த 97.2 சிசி இன்ஜினின் போர் 50 மில்லிமீட்டர். உள்ளே கேஜ் என்கிற அளவுக் கருவியை விட்டு அளந்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அளக்காமல் இரண்டு பேரும் சொல்வது ஊகம்தான்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
லேத் தம்பி, விற்கிறவன் இன்ஜினைப் பிரித்துக் கேஜ் விட விடுவானா? வாங்குகிறவன் வெளியில் நின்று கண்டுபிடிக்க வேண்டும், அதற்குத்தான் அனுபவம். நீலப்புகை வந்தால் ரிங்கு.

கோவை ரைடர்:
வந்து பத்து விநாடியில் நின்றால் சீல்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
ஏன் நின்றது என்று கேளுங்கள். 20டபிள்யூ 50 எண்ணெயை ஊற்றி வைத்திருப்பான். ஸ்ப்ளெண்டருக்குச் சொன்னது 10டபிள்யூ 30. கெட்டி எண்ணெய் ஊற்றினால் புகையும் அடங்கும், டைமிங் செயின் சத்தமும் அடங்கும். வாங்கி 2,000 கிலோமீட்டர் ஓட்டி எண்ணெய் மாற்றும்போதுதான் வண்டி தன் உண்மையான குரலில் பேசும். போன மாதம் எண்ணெய் விவாதத்தில் நான் இதைச் சொன்னபோது, பழைய வண்டிக்குக் கெட்டி எண்ணெய்தான் நல்லது என்று வாதாடியவர் இதே கோவை ரைடர். நான் மறக்கவில்லை.

கோவை ரைடர்:
வாதாடினேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன். எங்கள் ஊர் வெயிலில் 20டபிள்யூ 40 ஊற்றி என் அப்பாவின் வண்டி 1,30,000 கிலோமீட்டர் ஓடியது. ஹெட்டைத் திறக்கவே இல்லை. பம்ப்செட்டும் மோட்டாரும் செய்கிற ஊரில் பிறந்தவனுக்கு எண்ணெயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
பம்ப்செட்டுக்கு ஏது கிளட்ச்? ஸ்ப்ளெண்டரில் கிளட்ச்சும் கியரும் அதே எண்ணெயில்தான் குளிக்கின்றன. இது கூடத் தெரியாமல் ஒரு சின்னப் பையனுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டீர்கள்.

ஆர்எக்ஸ் காதலன்:
இவ்வளவு பயம் எதற்கு? யமஹா ஆர்எக்ஸ் 100 புதிதாக வந்தபோதே புகை விட்டுக்கொண்டுதான் வந்தது. புகைக்குப் பயந்தால் பழைய வண்டியே வாங்க முடியாது.

ஸ்பேனர் அண்ணாச்சி:
அது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு எண்ணெயும் எரிய வேண்டும் என்றே செய்த இன்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எரியவே கூடாது. தயவுசெய்து இந்த விவாதத்தில் அதைக் கொண்டுவராதீர்கள்.

ஆர்எக்ஸ் காதலன்:
1996-இல் தயாரிப்பு நின்றுபோன அந்த ஆர்எக்ஸ் வண்டிக்கு இன்று என்ன விலை என்று தெரியுமா அண்ணாச்சி? உங்கள் ஸ்ப்ளெண்டரை அந்த விலைக்கு விற்றுக் காட்டுங்கள்.

சென்னை வாத்தியார்:
எல்லோரும் புகையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றை, யாரும் கேட்கவில்லை. 2009 வண்டிக்கு 2024-இலேயே 15 வருடம் முடிந்துவிட்டது. ஆர்டிஓவிடம் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா? புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது, அதோடு பசுமை வரியும் உண்டு. பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள் தம்பி. விற்கிறவருக்கும் சொல்லுங்கள், வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் ஒரு முறை பெயர் மாற்றாமல் வண்டியை விற்றுவிட்டு, எங்கோ நடந்த விபத்துக்கு இரண்டு வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்திருக்கிறேன். புகையை 3,000 ரூபாயில் சரி செய்யலாம். அந்த அலைச்சலை எதைக் கொடுத்தும் சரி செய்ய முடியாது.

ஸ்பேனர் அண்ணாச்சி:
வாத்தியார் சொன்னது சரிதான். ஆனால் 3,000 என்று எந்தக் காலத்துக் கணக்கைச் சொல்கிறீர்கள்? போர், பிஸ்டன் செட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்தால் அதற்கு மேலே போகும். டைமிங் செயினும் போயிருந்தால் தனி.

கோவை ரைடர்:
மறுபடியும் போருக்கே வருகிறார். அது சீல் அண்ணாச்சி! பத்து விநாடி!

தஞ்சாவூர்த் தம்பி:
அண்ணன்களே, சண்டை வேண்டாம். சோதித்துப் பார்க்க வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், நாளைக் காலை மறுபடி போகிறேன்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
விடிவதற்குள் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து புகையை வெளியேற்றிவிட்டான் என்று பொருள், திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றி விரலை வையுங்கள். புஸ் புஸ் என்று அழுத்தமாகக் காற்று அடித்தால் ரிங்கு போய்விட்டது. பிளக்கைக் கழற்றுங்கள், முனை எண்ணெயாக இருந்தால் வண்டி வேண்டாம். நேற்றும் அந்த வண்டி சூடாகத்தான் இருந்திருக்கும், அதனால்தான் பத்து விநாடியில் நின்றிருக்கிறது.

கோவை ரைடர்:
பிளக்கில் எண்ணெய் சீல் போனாலும் வரும். என் சோதனையைக் கேளுங்கள் தம்பி. ஒரு இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிக் கியரிலேயே இறங்குங்கள். கீழே வந்ததும் சட்டென்று திருகுங்கள். அப்போது பின்னால் புகை மொத்தமாக வந்தால் சீல் அல்லது கைடு. ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் மட்டும் ரிங்கு.

ஸ்பேனர் அண்ணாச்சி:
தஞ்சாவூரில் இறக்கத்துக்கு எங்கே போவது? வயல்வெளியில் மலையைத் தேடச் சொல்கிறீர்களா?

கோவை ரைடர்:
மேம்பாலம் இருக்கிறது. அதில் இறங்கினால் போதும்.

திருச்சி லேத்:
ஸ்பார்க் பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங்கு, ஏறாவிட்டால் வால்வுப் பக்கம். நான் சொன்னால் யார் கேட்கப் போகிறீர்கள்!

ஸ்பேனர் அண்ணாச்சி:
படுத்த இன்ஜினில் ஊற்றிய எண்ணெய் ஒரு பக்கமாகத் தேங்கும், ரிங்கைச் சுற்றிப் பரவாது. அந்தச் சோதனையை நம்பவே முடியாது.

திருச்சி லேத்:
கிக்கரை நாலு தடவை உதைத்தால் பரவும். லேத்துக்காரன் சொன்னால் மெக்கானிக்குகள் எப்போதும் இப்படித்தான் பேசுவீர்கள். கடைசியில் சிலிண்டர் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்குத்தான் வருவீர்கள்.

தஞ்சாவூர்த் தம்பி:
காலை ஐந்தரைக்குப் போனேன். நேற்று இரவே வேறொருவர் 20,500-க்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

கோவை ரைடர்:
பார்த்தீர்களா? நல்ல வண்டி, கைவிட்டுப் போய்விட்டது. அண்ணாச்சி பயமுறுத்தாமல் இருந்திருந்தால் தம்பி இன்று அதில்தான் வேலைக்குப் போயிருப்பார்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
22,000 சொன்ன வண்டியை ராத்திரியோடு ராத்திரியாக 1,500 ரூபாய் குறைத்துத் தள்ளிவிட்டிருக்கிறான். நல்ல ரிங்கு உள்ள வண்டியை யாரும் இருட்டில் விற்க மாட்டார்கள்.

கோவை ரைடர்:
குறைத்த தொகையைப் பாருங்கள் அண்ணாச்சி. 1,500. நான் முதல் நாளே சொன்ன சீல் வேலைக் கணக்கு அதுதான்.

ஸ்பேனர் அண்ணாச்சி:
தம்பி, வாங்கினவர் உங்கள் ஊர்க்காரர்தானே? அவரைத் தெரிந்தால் எண்ணெய் மாற்றும் அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டு இங்கே எழுதுங்கள். நான் காத்திருக்கிறேன்.