கச்சான் காற்றில் 2050 மெகாஹேட்ஸ்

ஓவர்குளொக் செய்வதற்கென்றே, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கென்றே, தயாரிக்கப்பட்ட கிராபிக்ஸ் காட்டுகளோடு (கணினித் திரைக்குப் படம் வரையும் பலகைகள்) பழகியவர்கள் தத்தம் அனுபவத்தை எழுதலாம் என்று இங்கு அழைத்திருந்ததால், மட்டக்களப்பின் கல்லடியில் கடலுக்கு மிக அருகிலுள்ள வீட்டில் அப்படியொன்றை வைத்திருப்பவன் என்ற முறையில் தொடங்கிவைக்கிறேன்.

2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மின்னாணயத்தின் மைனிங் முறை (கணினிகள் கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும் முறை) மாறி, அதற்குக் கிராபிக்ஸ் காட் தேவையில்லை என்றானதும், பழைய காட்டுகள் விற்பனைக்கு வந்து குவிந்தன. அந்த வருட இறுதியில் பம்பலப்பிட்டியில் ஒருவரிடம் வாங்கிய என்விடியா 1080 டிஐ காட்டை, பெட்டியோடு மடியில் வைத்தபடி உதயதேவி ரயிலில் கொண்டுவந்தேன். அந்தச் சிப்புக்கு என்விடியா வகுத்த அளவு 250 வாற்று. என்னுடையதிலோ மூன்று 8 பின் மின் இணைப்புகள் இருந்தன. தலா 150 வாற்று, மதர்போட் வழியாக 75 வாற்று எனக் கூட்டினால் 525 வருகிறது. இவ்வளவு இடைவெளி யாருக்காக என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. கிங்பின், லைட்னிங், ஹோல் ஒஃப் ஃபேம் போன்ற காட் வரிசைகள், −196 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவ நைதரசனைச் சிப்பின் மேல் பொருத்திய செப்புக் குவளையில் ஊற்றி வேகச் சாதனை படைப்போரையும் மனத்தில் வைத்து உருவானவை. இரண்டாவது பயோஸுக்கு (காட்டின் எல்லைகளை வகுக்கும் உள் மென்பொருள்) மாறும் சிறு ஆளியும், வோல்ற்றளவை மல்ரிமீற்றரால் நேரே அளக்கும் புள்ளிகளும் அவர்களுக்கானவையே. இவிஜிஏ நிறுவனம் 980 டிஐ கிங்பினைச் சிப்பின் தர வீதத்தைப் பார்த்து வெவ்வேறு விலைக்கு விற்றது. எங்கள் பக்கத்தில் நெல்லின் ஈரத்தைப் பார்த்து விலை சொல்வது நினைவுக்கு வந்து சிரித்தேன்.

மாரி மழை பெய்த தை மாதத்தில் அறை 26 பாகையில் இருந்தது. சிப்பின் வேகத்தை 2050 மெகாஹேட்ஸில் வைத்து இரவு முழுவதும் டைம் ஸ்பை என்ற கிராபிக்ஸ் சோதனையை ஓட விட்டும் ஒரு தடங்கலும் இல்லை. ஆனியில் கச்சான் எனும் வெக்கைக் காற்று வீசத் தொடங்கி அறை 35 பாகையைத் தொட்டபோது, அதே அமைப்பு பத்து நிமிடத்தில் திரையைக் கறுப்பாக்கியது. டிரைவரை அழித்து மீண்டும் நிறுவினேன், பவர் சப்ளையைச் சந்தேகித்தேன், வயர்களை மாற்றினேன். சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பார்க்க இரண்டு வாரம் சென்றது. வெப்பம் படிப்படியாக ஏற ஏற, இந்தத் தலைமுறைச் சிப் ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 13 மெகாஹேட்ஸ் வீதம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும், சூடான சிப்பில் மின்கசிவு கூடுவதால் அதே வோல்ற்றளவுக்கு அதிக வலு செலவாகி, அந்த வலுவே சிப்பை மீண்டும் சூடாக்குகிறது. குளிரில் நிலையாக நின்ற எண் வெக்கையில் நிற்கும் என்று நம்பியது என் பிழைதான்.

மீன் வியாபாரம் செய்யும் மச்சான், மீனுக்குப் போடும் ஐஸை வாளியில் நிரப்பி அதன் வழியே நீர்க் குளிரூட்டியை ஓட்டலாம் என்றார். அந்தக் கதையை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. குழாய்கள் வியர்க்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கல்முனையிலிருந்து இன்னொருவர்:

நீங்கள் நிறுத்தினீர்கள், நான் நிறுத்தவில்லை. அறை 30 பாகை, சாரீரப்பதன் 75 வீதம் என்றால் பனிபடுநிலை 25 பாகை அளவில் வரும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் ஒடுங்கும். என் வாளித் தண்ணீர் 8 பாகையில் இருந்தது. நைதரசன் ஊற்றுவோர் வஸ்லீனும் காப்பு நுரையும் கொண்டு காட்டின் பலகையை மூடுவது வீண் அலங்காரமல்ல என்பதை, நினைவகச் சிப் ஒன்றின் கால்களுக்கிடையே துளி இறங்கித் திரை முழுவதும் பச்சைக் கட்டங்கள் தெளித்தபோதுதான் உணர்ந்தேன். இரண்டு நாள் உலர வைத்தும் அந்தக் கட்டங்கள் போகவில்லை. ஒரு விசித்திரமும் உண்டு: கச்சான் வெக்கையானது, ஆனால் உலர்ந்தது, ஆகவே மாரியில் ஐஸ் வைப்பதைவிட அப்போது வைப்பதுதான் சற்று ஆபத்துக் குறைந்தது. யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மீண்டும் கல்லடியிலிருந்து:

கல்முனை அண்ணன் எழுதியதை வாசித்த பிறகு மச்சானிடமும் காட்டினேன். அவர் வாளியைத் திருப்பிக் கேட்டார். இப்போது கச்சான் காலத்தில் ஆஃப்டர்பேனர் என்ற மென்பொருளில் வோல்ற்றளவைக் குறைத்து 1900 மெகாஹேட்ஸுக்குச் சற்றுக் கீழே ஓட்டுகிறேன். 525 வாற்று இழுக்கக் கட்டிய பலகை அதில் பாதிகூட இழுக்காமல் இருப்பது, மாட்டு வண்டிக்கு லொறிச் சில்லு பூட்டியது போலத் தோன்றினாலும், அந்தப் பெரிய வெப்பத்தகடு காரணமாக மின்விசிறிச் சத்தமே கேட்பதில்லை. உப்புக் காற்றில் திருகுகளில் துரு ஏறிவிட்டதால், சிப்புக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையில் பூசும் தேமல் பேஸ்ட்டை மாற்றும்போது புதியவை போட வேண்டியிருந்தது. இரண்டாவது பயோஸுக்கான ஆளியை இன்னும் தொடவில்லை. ஐப்பசி கழிந்து முதல் மழை பிடித்ததும், யன்னலைத் திறந்துவைத்து 2050ஐ மீண்டும் பார்ப்பதாக இருக்கிறேன்.