புதுப்பிப்பு: பிளஸ் டூ மாணவர்களுக்கு கிளாஸும் ஆப்ஜெக்டும்

பைத்தான் நிரல்மொழியில் கிளாஸ் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு) பாடத்தை எப்படித் தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். வரையறையைத் தள்ளிவைத்து, ஆப்ஜெக்டை (அந்த அச்சில் வார்த்த ஒரு பொருளை) முதலில் கையில் கொடுக்கச் சொன்னீர்கள். சரி என்று டர்டிலில், அதாவது ஆமையை நகர்த்திப் படம் வரையும் பைத்தான் கருவியில், தொடங்கினேன். திரையில் சிவப்பாமை, நீலாமை. ஒன்றைத் திருப்பினால் மற்றது அசையாது. ஒரே கிளாஸ், தனித்தனி நிலை என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

செல்ஃப்தான் (எந்த ஆப்ஜெக்ட் வேலை செய்கிறது என்று கிளாஸுக்குள் காட்டும் பெயர்) வம்பு பண்ணியது. சிவப்பாமையை முன்னே நகர்த்தும் 'சிவப்பு.ஃபார்வர்டு(50)' என்பதையே 'டர்டில்.ஃபார்வர்டு(சிவப்பு, 50)' என்று கிளாஸின் பெயரில் தொடங்கியும் ஓட்டிக் காட்டினேன். அடைப்புக்குறிக்குள் முதலில் நிற்கும் ஆமைதான் செல்ஃப் என்றதும் பாதிப் பேருக்குப் பிடிபட்டது. (மீதிப் பேர் இன்னும் அதை எழுத மறக்கிறார்கள்.)

'பச்சை = சிவப்பு' என்று எழுதினால் மூன்றாவது ஆமை வருமா என்று ஒரு மாணவி கேட்டாள். வராது, ஒரே ஆமைக்கு இரண்டு பெயர். அடுத்த வகுப்பு அதில்தான். இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸின் பண்புகளை இன்னொரு கிளாஸ் பெறுவது) அப்புறம்.