உப்பு அள்ளி நாலாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது: எங்கே தப்பு செய்கிறேன்?

பாத்திக்குப் புதுசு:

வணக்கம். ஊர் வாலிநோக்கம் பக்கம். பத்து வருடம் திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவன். மாமாவுக்கு முழங்கால் ஓய்ந்துவிட்டதால் இந்தப் பங்குனியிலிருந்து அவருடைய குத்தகைப் பாத்திகளை நான்தான் பார்க்கிறேன்.

விடிவதற்கு முன்னால் இறங்கிவிடுகிறோம். வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பது வரைக்கும் ஒன்றுமில்லை. மண்வெட்டியால் அள்ளிச் சட்டியில் போடும்போதுதான் வினை. சட்டி எனக்கு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் இருக்கும். கால் இரண்டும் பாத்திக் களியில் புதைந்து நிற்கும். அள்ளி, அப்படியே திரும்பி, வீசுவேன். வேகமாகத்தான் போகிறது, மாமாகூட மெச்சினார். நாலாம் நாள் காலையில் குனிந்து பல் விளக்க முடியவில்லை.

தைலம் தேய்த்தாயிற்று. இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டு என்கிறார்கள். பெல்ட் வாங்கலாமா? பழக்கமானால் சரியாகிவிடுமா, இல்லை அள்ளுகிற முறையே தப்பா?

ஏர்வாடி அக்கா:

தம்பி, எனக்கு உப்பளத்தில் இருபத்திரண்டு வருசம். நான் சொல்ல மகள் தட்டுகிறாள்.

உன் தப்பை நீயே எழுதிவிட்டாய். சட்டியைப் பின்னால் யார் வைக்கச் சொன்னது? முன்னால் வை, கைக்கு எட்டும் தூரத்தில். திரும்ப வேண்டுமென்றால் காலைப் பிடுங்கி எடுத்து வைத்துத் திரும்பு. களியில் கால் மாட்டியிருக்க இடுப்பு மட்டும் திரும்பினால் அது என்ன செய்யும், பாவம்.

இன்னொன்று. வாரின அன்றே ஈரத்தோடு அள்ளுகிறாயா? வரப்பில் குவித்து ஒரு நாள் வடியவிடு. சொட்டச் சொட்ட அள்ளினால் உப்போடு தண்ணீரையும் சேர்த்துத்தானே சுமக்கிறாய்? சட்டியைக் கோபுரமாக நிரப்பாதே, முக்கால் போதும். இரண்டு நடை கூடுதலாக நட. தலைக்கு ஏற்றும்போது எதிரில் ஒருவர் கைகொடுக்க வேண்டும். ஒற்றையாகத் தூக்கி ஏற்றுவது வீம்பு. சும்மாடு இல்லாமல் சுமந்தால் கழுத்தும் போகும்.

மாமா மெச்சினார் என்றாயே, அவர் முழங்கால் எப்படிப் போனது என்று கேட்டாயா?

பனிக்காட்டு தேவிபட்டினத்தான்:

சொந்த ஊர் தேவிபட்டினம், இப்போது இருப்பது கனடாவில், டொரான்டோ பக்கம். தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் ஊரில் உப்பு அள்ளி இடுப்புப் போகிறது, இங்கே பனி அள்ளி. அந்தப் பனி உருகுவதற்கு ரோட்டில் கொட்டுவதும் உப்புதான்!

வந்த முதல் குளிர்காலம். ராத்திரி பெய்த பனியைச் சாலை வண்டி தள்ளிக்கொண்டு போனதில், வாசல் முனையில் ஈரமும் கட்டியுமாக ஒரு மேடு. புதுப் பனி பஞ்சு மாதிரி இருக்கும், இது அப்படியில்லை, ஈரக் களிமண் கனம். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று நீங்கள் சொன்ன அதே பாணியில் அள்ளித் தோளுக்குப் பின்னால் வீசினேன். பத்தாவது வீச்சில் மூச்சே நின்ற மாதிரி ஒரு பிடி. காரைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் உள்ளே கொண்டுபோய் விட்டார்.

அடுத்த வாரம் அவரே சொல்லிக்கொடுத்தார். தள்ள முடிந்ததைத் தூக்காதே. தூக்கியே ஆகவேண்டுமென்றால் பாதி அள்ளு, முழங்காலை மடக்கு, ஒரு கை பனி அள்ளும் பலகைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், சுமை உடம்போடு ஒட்டி வரட்டும். எங்கே கொட்டுகிறாயோ அந்தத் திசைக்குப் பாதமும் போகவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடக்கை வலக்கை மாற்று. பெய்து முடியட்டும் என்று காத்திராமல், கொஞ்சம் சேரும்போதே தள்ளிவிடு. இதைத்தான் அக்கா முக்கால் சட்டி என்கிறார்.

இங்கே இடுப்பைவிடப் பயம் நெஞ்சுதான். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், அதோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் இதயத்துக்கு இரட்டை வேலை. படுக்கையிலிருந்து எழுந்த கையோடு அள்ளப் போகாதே, முதலில் வீட்டுக்குள்ளே நாலு நடை நட என்பார்கள். உங்களுக்குக் குளிர் இல்லை, ஆனால் தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், இடக்கையில் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு.

கண்ணாடியும் போடுங்கள். பனியிலும் சரி, உப்பிலும் சரி, வெயில் கீழிருந்தும் அடிக்கும்.

ராமநாதபுரம் பிசியோ:

பெல்ட்டை நம்ப வேண்டாம். அதைக் கட்டிக்கொண்ட தைரியத்தில் இன்னும் அதிகம் தூக்குவீர்கள். பத்து வருடம் உட்கார்ந்த இடுப்பு நாலு நாளில் பழகாது, முதல் இரண்டு வாரம் பாதி வேலைதான். முழுக்கப் படுத்தும் விடாதீர்கள், மெதுவாக நடமாடுங்கள்.

வலி தொடைக்குப் பின்னால் இறங்கிப் பாதம் வரை மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் போவதில் தடுமாற்றம் வந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

தண்ணீர் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். உப்புக்குள் நிற்கிறோம், உடம்பில் உப்பு குறையாது என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வியர்வையில் போவது போய்க்கொண்டுதான் இருக்கும். மோரோ நீராகாரமோ ஒரு தூக்குவாளியில் கொண்டுபோங்கள்.

பாத்திக்குப் புதுசு:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். கால் மரப்பு எதுவும் இல்லை. சட்டி முன்னால் வந்துவிட்டது. உப்பு வடிந்த பிறகுதான் அள்ளுகிறேன். நடை கூடிப்போச்சு, வேலை முடிய முக்கால் மணி நேரம் அதிகமாகிறது, மாமா முகம் சுளிக்கிறார். அக்கா சொன்னதைக் கேட்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டு, பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். மண்வெட்டிக் காம்பு மாமா உயரத்துக்குப் போட்டது, அவர் என்னைவிட ஒரு சாண் குட்டை. மாற்றலாமா?

ஏர்வாடி அக்கா:

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! நாளைக்கே நீளக் காம்பாகப் போடு.