எங்க வீடு குரூப்: 1972 சி10 டிரக், 5.3 இன்ஜின், ஒயரிங்

வெள்ளி

[இரவு 8:02] பிரபு (டாலஸ்): வண்டி 1972 ஷெவர்லே சி10. இறக்கின இன்ஜின் 2002 சில்வராடோவோட 5.3 லிட்டர், கியர்பாக்ஸ் 4எல்60ஈ, த்ராட்டில் கேபிள்தான். பிசிஎம்ல (இன்ஜின் கம்ப்யூட்டர்ல) நீலம், சிவப்புன்னு ரெண்டு கனெக்டர். சாவியைத் திருப்பினா பெட்ரோல் பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி நிக்குது. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல. சாவியை விடுற நேரத்துல மட்டும் ஒரு தடவை பிடிச்சு உடனே அணையுது.

[இரவு 8:04] செந்தில் அண்ணா (ஹூஸ்டன்): சாவி ஆன்ல கரண்ட் வேண்டிய அந்த பிங்க் ஒயருக்கெல்லாம் கரண்ட் எங்கிருந்து எடுத்த?

[இரவு 8:05] பிரபு (டாலஸ்): பழைய காயில் பிளஸ்ஸுக்கு வந்த ஒயர்லதான் அண்ணா. மீட்டர்ல 12.4 காட்டுது.

[இரவு 8:11] ரவி மாமா (கோவை): லோடு இல்லாமப் பாத்தா 12.4தான் காட்டும் மாப்ள. அந்த ஒயர் மேல துணி மாதிரி உறை இருக்கா பாருங்க.

[இரவு 8:15] பிரபு (டாலஸ்): ஆமா மாமா, நூல் பின்னின மாதிரி இருக்கு.

[இரவு 8:19] செந்தில் அண்ணா (ஹூஸ்டன்): அப்ப அது ரெசிஸ்டன்ஸ் ஒயர். பாயின்ட் (காயில் கரண்டை வெட்டி விடுற கான்டாக்ட்) வெச்ச காலத்து வண்டி, காயிலும் பாயின்ட்டும் கருகாம இருக்க வோல்ட்டைக் குறைச்சு அனுப்புவாங்க. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பழைய ஸ்டார்ட்டரோட ஆர் முனையிலிருந்து வேற ஒயர் வந்து முழு 12 குடுக்கும். புது ஸ்டார்ட்டர்ல அந்த முனையே கிடையாது. ஒயர்ல 1.5 ஓம் இருந்தாக்கூட 3 ஆம்பியர் இழுத்தா 4.5 வோல்ட் அதுலயே போயிடும். செல்ஃப் சுத்தும்போது பேட்டரியே 10க்கு இறங்கும், மிச்சத்துல காயிலும் இன்ஜெக்டரும் வேலை செய்யாது. சாவியை விட்டதும் பேட்டரி ஏறுது, அந்த ஒரு நொடி பிடிக்குது.

[இரவு 8:22] ரவி மாமா (கோவை): ஒரு பழைய ஹெட்லைட் பல்பு, 55 வாட், அந்த ஒயர் நுனிக்கும் எர்த்துக்கும் நடுவுல மாட்டுங்க. பல்பு எரியும்போது பல்பு மேலயே மீட்டர் வைங்க.

[இரவு 8:41] பிரபு (டாலஸ்): சாவி ஆன்ல 7.6. செல்ஃப் அடிக்கும்போது 5.9.

[இரவு 8:42] ரவி மாமா (கோவை): கிடைச்சுது பாருங்க.

[இரவு 8:50] செந்தில் அண்ணா (ஹூஸ்டன்): அந்த ஒயரை வெட்ட வேண்டாம், ரிலேக்கு (சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச்) சிக்னலா வெச்சுக்கோ. ரிலே முனை நம்பர்படி 86க்கு அது, 85 எர்த், 30க்கு பேட்டரியிலிருந்து 10 கேஜ் ஒயர், 87லிருந்து ஃபியூஸ் பாக்ஸ். ரிலே காயில் 0.15 ஆம்பியர்தான் இழுக்கும், அதனால அதே ரெசிஸ்டன்ஸ் ஒயர்ல கால் வோல்ட்டுகூடக் குறையாது. 40 ஆம்பியர் ரிலே போடு. ஆனா ஒண்ணு, சாவி ஸ்டார்ட் நிலையிலயும் அந்த ஒயர்ல கரண்ட் இருக்கணும். உனக்கு 5.9 வந்துச்சே, அப்ப இருக்கு. ஹீட்டர், ரேடியோ லைன்ல எடுத்தா ஸ்டார்ட்ல செத்துடும், இதே கோளாறு மறுபடி வரும்.

[இரவு 8:53] செந்தில் அண்ணா (ஹூஸ்டன்): 87க்கு அப்புறம் பிரிச்சுக் குடு. பிசிஎம் நீலம் 19க்கு, அதாவது நீல கனெக்டரோட 19ஆம் பின்னுக்கு, 10 ஆம்பியர். ஒவ்வொரு பக்கத்து காயிலும் இன்ஜெக்டரும் சேர்ந்து 15, ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ். ஆக்சிஜன் சென்சாருக்கு ஒரு 15. ஆரஞ்சு ஒயர் ரெண்டும், நீலம் 20, 57, ரிலே வழியாப் போகக்கூடாது. நேரா பேட்டரி, 10 ஆம்பியர் ஃபியூஸ். அது சாவியோட அணைஞ்சா பிசிஎம் கத்துக்கிட்ட பெட்ரோல் கணக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் அழிஞ்சிடும்.

[இரவு 9:01] கவிதா அக்கா (டெட்ராய்ட்): பிரபு, பெட்ரோல் பம்பை சாவி லைன்ல நேரா குடுக்கலையே?

[இரவு 9:03] பிரபு (டாலஸ்): இல்லக்கா. சிவப்பு 9, பச்சை-வெள்ளை ஒயர்லதான் ரிலே இழுக்குது.

[இரவு 9:07] கவிதா அக்கா (டெட்ராய்ட்): அதை எந்தக் காரணத்துக்காகவும் மாத்தாத. இன்ஜின் சுத்துதுன்னு சொல்ற கிராங்க் சிக்னல் நின்னா பிசிஎம் பம்பை நிறுத்திடும். வண்டி இடிச்சு இன்ஜின் நின்ன பிறகும் சாவி ஆன்ல இருக்கும், நேரா குடுத்திருந்தா பம்ப் 58 பிஎஸ்ஐ அழுத்தத்துல ஊத்திக்கிட்டே இருக்கும். இந்த வண்டிக்கு டேங்க் எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்.

[இரவு 9:09] சாந்தி அத்தை: எங்க இருக்கு?

[இரவு 9:10] பிரபு (டாலஸ்): கேபினுக்குள்ள, சீட்டுக்குப் பின்னாடி அத்தை. 72 வரைக்கும் அப்படித்தான் வெச்சாங்க.

[இரவு 9:11] சாந்தி அத்தை: அப்ப அது முடியற வரைக்கும் புள்ளைங்கள அதுல ஏத்தாத கண்ணு.

[இரவு 9:14] செந்தில் அண்ணா (ஹூஸ்டன்): அத்தை சொல்றது சரி. ரெகுலேட்டர் கேபினுக்கு வெளிய, ஃப்ரேம்ல இருக்கட்டும். 1999 கார்வெட்டோட ஃபில்டரும் ரெகுலேட்டரும் ஒண்ணா வர்றது 58லயே நிக்கும், மிஞ்சின பெட்ரோலோட ரிட்டர்ன் அங்கிருந்தே டேங்குக்குத் திரும்பிடும். இடிச்சா கட் ஆகுற இனர்ஷியா சுவிட்ச் ஒண்ணும் பம்ப் லைன்ல போட்டுடு.

சனி

[காலை 10:26] பிரபு (டாலஸ்): ரிலே போட்டாச்சு. உடனே பிடிச்சுது! ஆனா ரெண்டு செகண்ட்ல நிக்குது. மூணு தடவையும் அதே ரெண்டு செகண்ட்.

[காலை 10:31] கவிதா அக்கா (டெட்ராய்ட்): அது ஒயரிங் இல்ல. திருட்டுத் தடுப்பு. சில்வராடோவோட பாடி கம்ப்யூட்டர் "சாவி சரி"ன்னு சொல்லணும், உன்கிட்ட அந்தப் பெட்டியே இல்ல, அதனால பிசிஎம் இன்ஜெக்டரை நிறுத்துது. ட்யூன்ல, அதாவது பிசிஎம் புரோகிராம்ல, விஏடிஎஸ்ங்கிற அந்தத் தடுப்பை ஆஃப் பண்ணி எழுதணும். அதுக்கு ஓபிடி சாக்கெட் (வெளிக் கம்ப்யூட்டர் மாட்டுற சாக்கெட்) வேணும். சாக்கெட்டோட 2க்கு நீலம் 58. 4, 5 எர்த், 16 பேட்டரி. எழுதும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி வை, பாதியில வோல்ட் இறங்கினா பிசிஎம் செத்துடும்.

[காலை 10:40] ரவி மாமா (கோவை): எழுதறதுக்கு முன்னாடி எர்த் பாத்துருங்க மாப்ள. மீட்டர் சிவப்பு முனை இன்ஜின் பிளாக்ல, கறுப்பு முனை பேட்டரி மைனஸ் போஸ்ட்ல. கிளாம்ப் மேல வைக்கக் கூடாது, ஈயத்துமேலயே வைங்க. செல்ஃப் அடிக்கச் சொல்லி எவ்வளவுன்னு பாருங்க.

[காலை 10:52] பிரபு (டாலஸ்): 0.7.

[காலை 10:54] ரவி மாமா (கோவை): அதிகம். 0.2க்குக் கீழ இருக்கணும். இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, அதுக்கு எர்த் ஒயர் வழியாத்தான் வரணும். ஒயர் மோசமா இருந்தா கரண்ட் த்ராட்டில் கேபிள் வழியா ஓடும், கேபிள் உறை சூடாகி உருகும். தொட்டுப் பாருங்க.

[காலை 10:58] பிரபு (டாலஸ்): கேபிள் வெதுவெதுன்னு இருக்கு மாமா.

[காலை 11:02] ரவி மாமா (கோவை): பிளாக்கிலிருந்து பேட்டரிக்கு 2 கேஜ். பிளாக்கிலிருந்து ஃப்ரேமுக்கு ஒண்ணு, கேபினுக்கு ஒண்ணு. லக் (ஒயர் நுனி வளையம்) உக்கார்ற இடத்துல பெயின்ட் சுரண்டி வெள்ளி மாதிரி மின்னணும், மாட்டின பிறகு மேல கிரீஸ் தடவுங்க.

[காலை 11:06] செந்தில் அண்ணா (ஹூஸ்டன்): பிசிஎம் எர்த் நாலும், நீலம் 1, 40, சிவப்பு 1, 40, சிலிண்டர் ஹெட் பின்னாடியே போகட்டும். ஃப்ரேம்ல குடுத்தா சென்சார் அளவெல்லாம் ஆடும்.

[மதியம் 1:37] பிரபு (டாலஸ்): 0.12க்கு வந்துருச்சு.

[மாலை 6:15] பிரபு (டாலஸ்): ட்யூன் எழுதியாச்சு, 20 நிமிஷமா ஓடுது. சார்ஜ் ஏறல, 12.3லயே நிக்குது.

[மாலை 6:21] ரவி மாமா (கோவை): பழைய ரெகுலேட்டர் டப்பா இன்னும் இருக்கா? கழட்டுங்க. புது ஆல்டர்னேட்டருக்குள்ளயே ரெகுலேட்டர் இருக்கு. டேஷ்ல சார்ஜ் லைட் வழியா வர்ற பழுப்பு ஒயரை எல் முனைக்குக் குடுங்க. நேரா 12 குடுத்தா உள்ள கருகிடும், நடுவுல பல்போ 470 ஓம் ரெசிஸ்டரோ கட்டாயம் இருக்கணும். மெயின் ஒயர் பழசு வேண்டாம், 105 ஆம்பியருக்கு அது தாங்காது. புது 4 கேஜ், 125 ஆம்பியர் ஃபியூஸ், நேரா பேட்டரிக்கு.

[மாலை 7:12] பிரபு (டாலஸ்): 14.2! ஆர்பிஎம் மீட்டர் பாதிதான் காட்டுதே?

[மாலை 7:15] செந்தில் அண்ணா (ஹூஸ்டன்): மீட்டருக்குப் போற சிவப்பு 10 ஒரு சுத்துக்கு ரெண்டு துடிப்புதான் விடும், 8 சிலிண்டர் மீட்டர் நாலு எதிர்பார்க்கும். மீட்டர் பின்னாடி சுவிட்ச் இருந்தா 4 சிலிண்டர்ல வை. முள் துடிச்சா சிக்னல் ஒயருக்கும் சாவி 12க்கும் நடுவுல 5 கிலோ ஓம் ஒண்ணு போடு. அப்புறம் நீலம் 33ஐ மறந்துடாத. பிரேக் மிதிக்காதப்ப அதுல 12 இருக்கணும், இல்லேன்னா டார்க் கன்வர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியா இணைக்கிறது) லாக் ஆகாது, ஹைவேல கியர்பாக்ஸ் ஆயில் கொதிக்கும். உன் பிரேக் சுவிட்ச் நேர் எதிர், மிதிச்சாத்தான் 12. அதனால அஞ்சு கால் ரிலே: 86க்கு பிரேக் லைட் ஒயர், 85 எர்த், 87ஏக்கு சாவி 12, 30லிருந்து நீலம் 33.

[மாலை 7:24] பிரபு (டாலஸ்): [படம்] வலது பக்கம், ஸ்டார்ட்டர் கிட்ட. எப்படி இருக்கு?

[மாலை 7:31] ரவி மாமா (கோவை): பெரிசாக்கிப் பாத்தேன். கிராங்க் சென்சார் ஒயர் எக்ஸாஸ்ட் குழாயை ஒரு விரல் அகலத்துல தாண்டிப் போகுது, டேப் ஏற்கெனவே பழுப்பாகிடுச்சு. சால்டர் வெச்ச இடமும் அதுக்குப் பக்கத்துலயே. சால்டர் ஒயருக்குள்ள ஏறி விறைச்சிருக்கும், அதிர்வுல அந்த விளிம்புல ஒடியும், ஓடிட்டிருக்கிற வண்டி நடு ரோட்டுல அணையும். அந்த ஒட்டை வெட்டிட்டு கிரிம்ப் பண்ணுங்க, பசை வெச்ச ஸ்லீவ் போடுங்க, மேல கண்ணாடி நார்க் குழல். ஆயில் பேன் போல்ட்ல ஒரு கிளிப் குடுத்துக் கீழ இழுத்துக் கட்டுங்க.

[மாலை 7:33] பிரபு (டாலஸ்): ஸ்டார்ட்டரைக் கழட்டணும். ஆறினதும் ஆரம்பிக்கிறேன் மாமா.