“உங்க ஏரியா படம் எப்படி இருக்கு?” விமர்சகர்கிட்ட மாட்டுன கதையைச் சொல்லுங்க

கொருக்குப்பேட்டை கேட்

நானே ஆரம்பிக்கிறேன். 2018 அக்டோபர் 17, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ‘வடசென்னை’ ரிலீஸ். நம்ம பக்கத்து தியேட்டர்ல காலைக் காட்சி. படம் விட்டு வெளிய வர்றேன், மூஞ்சிக்கு நேரா மைக்.

“அண்ணா, எந்த ஏரியா?”

“கொருக்குப்பேட்டை.”

அந்தப் பையன் முகத்தைப் பாக்கணுமே. வலையில வஞ்சிரம் விழுந்த சந்தோஷம்.

பாரிஸ் கார்னர்ல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல கணக்கு பாக்குறவன் நான். நிதானமா சொன்னேன். 87ல ஒரு கொலையில ஆரம்பிச்சு கதையை முன்னயும் பின்னயுமா மாத்தி மாத்தி சொல்றாங்க. அமீர் வர்ற பகுதிதான் படத்துக்கு முதுகெலும்பு, அது தெரிஞ்சப்புறம் முதல்ல பாத்த காட்சிக்கெல்லாம் வேற அர்த்தம் வருது. அதனால இன்னொரு தடவை பாக்கணும்னு தோணுதுன்னு ஒரு ரெண்டு நிமிஷம் பேசியிருப்பேன். கேமராவுக்குப் பின்னாடி நின்ன ஆளு கையக் காட்டி நிறுத்திட்டாரு. “அண்ணா, கொஞ்சம் லோக்கலா பேசுங்கண்ணா. இன்னாபா, இட்டுனு வா... அந்த மாதிரி.”

வீட்ல அப்படித்தான் பேசுவேன், இல்லேங்கல. அதுக்காகக் கேமரா வச்சுக் கேட்டா வருமா? வாய்ல வரல. கடைசியில அவங்க தொல்லை தாங்காம “தாறுமாறு நைனா”ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தேன். சாயங்காலம் வீடியோவுல அந்த ரெண்டு வார்த்தை மட்டும் வந்துச்சு. முதுகெலும்பு காணோம். மேல தலைப்பு, ‘ரத்தத்தில் ஊறிய மக்கள் ரியாக்‌ஷன்’. ஆபீஸ்ல ஒரு மாசம் எனக்குப் பேரே தாறுமாறு.

அதுக்கப்புறம் நம்ம பக்கத்துப் படம் எது வந்தாலும் விமர்சனத்தையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிற வியாதி வந்துடுச்சு. அசல், இருண்ட பக்கங்கள், ரத்தமும் சதையும், விளிம்புநிலை... ஒரு ஏழெட்டு வார்த்தைய வச்சுக்கிட்டே மாத்தி மாத்தி அடுக்குறாங்க. எங்க வீட்லேர்ந்து கோட்டை எவ்ளோ தூரம்? முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31ல ரிலீசானது ஜார்ஜ் டவுன் கினிமா சென்ட்ரல்ல. தமிழ் சினிமா வாய் தொறந்ததே எங்க பக்கம்தான். இதுல எதுக்குங்க நாங்க விளிம்பு?

சரி, உங்க கதையைச் சொல்லுங்க.


மின்ட் சலூன்

எங்க நைனாவைத் தவிர வேற விமர்சகர் எனக்குத் தெரியாது. மின்ட் பக்கம் கடை. நாலு நாற்காலி, ஒரு ரேடியோ, தினத்தந்தி, விகடன். விகடன் வந்த அன்னிக்கு முடி வெட்ட வர்றவங்களை விட படத்துக்கு என்ன மார்க் போட்டிருக்கான்னு பாக்க வர்றவங்கதான் அதிகம். நூத்துக்கு நாப்பது வாங்குனா பரவால்ல, பாரத் தியேட்டர்ல போய்ப் பாக்கலாம். முப்பத்தஞ்சுன்னா ஒரு வாரம் தள்ளிப் போடலாம்.

‘16 வயதினிலே’க்கு 1977ல 62.5 மார்க் போட்டாங்க. நான் பொறக்குறதுக்கு முன்னாடி நடந்தது, ஆனா எனக்கு விவரம் தெரிஞ்சப்பவும் கடையில சண்டை ஓடிக்கிட்டிருந்தது. படம் நல்ல படமான்னு சண்டை இல்ல. அந்த அரை மார்க் எதுக்குன்னுதான். சப்பாணி நடைக்குன்னு ஒருத்தரு, மயிலுக்குன்னு ஒருத்தரு. நைனா முடிவா சொல்வாரு: “அரை மார்க் போடுறவன் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்திருப்பான். வேற எவனுக்கும் அந்தப் புத்தி வராது.”

அவருக்குன்னு தனி அளவுகோல் இருந்துச்சு. படம் வந்து ரெண்டு வாரத்துல எத்தனை பேர் ஹீரோ மாதிரி வெட்டச் சொல்லி வர்றாங்கன்னு எண்ணுவாரு. பத்துக்கு மேல போனா வெள்ளி விழா. விமர்சனத்துல கிழிச்சுத் தொங்கவிட்ட படத்துக்குக்கூட பசங்க கிருதாவைக் காட்டிக் காட்டி வெட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. “பேப்பர்ல எழுதுறவன் மண்டைக்குள்ள பாக்குறான், நான் மண்டை மேல பாக்குறேன்”னு சொல்லிட்டுக் கத்திய தீட்டுவாரு.


கல்மண்டபம்

என் கதை கொஞ்சம் கோவமான கதை.

காசிமேடு எங்க ஊரு. எங்க சித்தப்பா விசைப்படகுல போறவரு. முதல்ல சொன்ன ‘வடசென்னை’ படத்துல படகுல நடக்கிற ஒரு நெருக்கமான காட்சி இருந்துச்சு, முதல் வாரம் பாத்தவங்களுக்குத் தெரியும். எங்க ஆளுங்க படகுல ஏறும்போது தொட்டுக் கும்பிட்டுட்டு ஏறுவாங்க. சித்தப்பா பாதிப் படத்துல எழுந்து வந்துட்டாரு. ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல.

நான் அப்ப காட்சித் தொடர்பியல் படிச்சிட்டிருந்தேன். கைல கிடைச்ச விமர்சனம் எல்லாத்தையும் படிச்சேன். கேமரா கோணம், வன்முறையின் அழகியல், அதிகாரத்தின் சுழற்சி, எல்லாம் இருந்துச்சு. படகைப் பத்தி ஒரு வரி நான் படிச்சதுல இல்ல. அப்புறம் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க, இயக்குநர் வெற்றிமாறன் வருத்தம் தெரிவிச்சாரு, அந்தக் காட்சியை எடுத்தாங்க. அதுக்கப்புறம் கட்டுரை கட்டுரையா வந்துச்சு. ‘படைப்புச் சுதந்திரமா, மக்கள் உணர்வா?’ன்னு பட்டிமன்றம். அதுல ஒரு இடத்துலகூட எங்க சித்தப்பா மாதிரி ஒருத்தரைக் கேட்டு எழுதுனதா நான் பாக்கல.

அதே வருஷம் காலேஜுக்கு ஒரு விமர்சகர் பேச வந்தாரு. பேர் வேண்டாம். கடல் அந்தப் படத்துல ஒரு படிமம்னு அரை மணி நேரம் பேசினாரு, நல்லாத்தான் பேசினாரு. கேள்வி நேரத்துல எழுந்து, “சார், அந்தக் கடல் எந்தக் காத்துல இருக்கு, வாடையா கச்சானா?”ன்னு கேட்டேன். நக்கல் இல்ல, உண்மையாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டேன். காத்து மாறினா எங்க வீட்ல பேசுற பேச்சே மாறிடும், கடன் வாங்குற மாசம் மாறிடும். அவரு “சுவாரஸ்யமான கேள்வி”ன்னு சொல்லிட்டு அடுத்த கையைக் காட்டினாரு.

அதுக்காகப் படமே பொய்னு சொல்ல மாட்டேன். ரோடு போடுறேன்னு வர்றவங்க யாரைக் கிளப்பப் பாக்குறாங்கன்னு அமீர் கேக்குற இடம் இருக்கே, அது எங்க வீட்ல சோத்துத் தட்டு முன்னாடி கேக்குற கேள்வி. சித்தப்பாவும் அதை ஒத்துக்கிட்டாரு, ரெண்டு வருஷம் கழிச்சு, டிவியில பாத்துட்டு.

எங்க ஆயா சொல்றது தனி. “காசிமேடுன்னா விடியக்காலை ஏலத்தை ரெண்டு நிமிசம் காட்டுறான், அப்புறம் கத்திய எடுத்துடுறான். அந்த மீனை யாருடா வித்தது?” ஐம்பது வருஷம் கூடை தூக்கின பொம்பளை கேட்டா யார் பதில் சொல்றது.


எச் பிளாக் அக்கா

எல்லாரும் சினிமாவையே பேசுறீங்க. சீரியல்னா இளக்காரமா?

‘மெட்டி ஒலி’ ஓடுனப்ப, 2002லேர்ந்து 2005 வரைக்கும், எங்க ஹவுசிங் போர்டு மாடிப்படியில அந்த நேரத்துக்கு யாரும் ஏற மாட்டாங்க. அஞ்சு பொண்ணுங்களைக் கட்டிக் கொடுக்குற அப்பா கதை. எங்க பிளாக்ல அந்த மாதிரி அப்பா மூணு பேர் இருந்தாங்க.

ஒரு பத்திரிகையில எழுதியிருந்தாங்க, இந்த அழுகாச்சி பாத்துப் பாத்துப் பொம்பளைங்க புத்தி மழுங்கிப் போச்சுன்னு. மறுநாள் காலையில தண்ணி லாரிகிட்ட பேச்சு இதான். பக்கத்து வீட்டு அக்கா குடத்தை இடுப்புல வச்சிக்கிட்டே, நேத்து கதையில எந்த இடத்துல ஜவ்வு மாதிரி இழுத்தாங்க, எந்த மாமியார் திடீர்னு நல்லவளா மாறினது நம்புற மாதிரி இல்ல, எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சாங்க. அழுதுக்கிட்டே பாக்குறோம்தான். ஆனா கண்ணு தொடைச்சதும் குறை சொல்ல எங்களுக்கும் தெரியும். அந்த அக்கா நாலாங் கிளாஸ்.

அவ்ளோதான். தண்ணி லாரி வந்துடுச்சு.


பின்னி சங்கு

வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. பேத்திதான் டைப் பண்றா, பிழை இருந்தா அவளைத் திட்டுங்க.

1996ல மூடுற வரைக்கும் பின்னி மில்லுல இருந்தேன். சின்ன வயசுல குத்துச்சண்டைப் பைத்தியம். சண்டை போட்டவன் இல்ல, பாத்தவன். கண்ணப்பர் திடல்ல டிக்கெட் எடுத்து, எடுக்காம, ரெண்டு மாதிரியும் பாத்திருக்கேன். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார்னு பரம்பரைங்க, அதாவது குத்துச்சண்டைக் குழுங்க. வீட்ல அண்ணன் ஒரு பரம்பரை, மச்சான் ஒரு பரம்பரைன்னா அன்னிக்கு ராத்திரி சோறு தனித்தனியா.

2021 ஜூலையில ‘சார்பட்டா பரம்பரை’ வந்துச்சு. கொரோனா சமயம், தியேட்டர்ல வரல, நேரா அமேசான்ல. பேத்தி போன்ல பாத்தேன். அவ்ளோ பெரிய கோதாவை உள்ளங்கையில வச்சுப் பாத்தது இன்னிக்கும் ஒரு குறைதான். டான்சிங் ரோஸ்ங்கிற குத்துச்சண்டைக்காரன் ஆட்டம் வந்தப்ப எழுந்து நின்னுட்டேன். கால் வலி மறந்துபோச்சு.

அப்புறம் பேத்தி விமர்சனமெல்லாம் படிச்சுக் காட்டினா. முதல் பாதி பிரமாதம், ரெண்டாம் பாதி இழுவைன்னு நிறைய பேர் எழுதியிருந்தாங்க. ஹீரோ கபிலன் சாராயம் காய்ச்சப் போறதும், குடிச்சு உடம்பு விட்டுப் போறதும் ரொம்ப நேரம் வருதாம். கேட்டுட்டு சிரிச்சேன். எங்க தெருவுல அந்த ரெண்டாம் பாதி இருபது வருஷம் ஓடுச்சும்மா. கையில அவ்ளோ வேகம் இருந்தவன் பாக்கெட் சாராயத்துக்குக் கை நீட்டி நின்னதை நான் பாத்திருக்கேன். மூணு மணி நேரப் படத்துல அதுக்குக் கொடுத்த நேரம் எனக்குக் கம்மியாத்தான் தோணுச்சு. ஆனா விமர்சகரையும் முழுசா தப்பு சொல்ல மாட்டேன். கடற்கரையில ஓடி ஓடி கொஞ்ச நாள்ல பழைய உடம்பு வந்துடுதே, அது சினிமா. நிஜத்துல யாருக்கும் வரல.

அரசியல் சண்டையும் வந்துச்சு. எம்.ஜி.ஆரைச் சரியா காட்டலன்னு ராயபுரம் ஜெயக்குமார் கண்டிச்சாரு. 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட கண்காட்சிச் சண்டை போட்டது எம்.ஜி.ஆர். ஆட்சியிலதான், அது நெசம். படம் நடக்கிறது எமர்ஜென்சி சமயம், 76 ஜனவரி கடைசியில கலைஞர் ஆட்சி கலைஞ்சது, அதுவும் நெசம். நாங்க ரெண்டு கட்சிக்காரனும் ஒரே பெஞ்சுல உக்காந்து கோதாவைப் பாத்தோம். அதை எந்தத் தரப்புலயும் யாரும் எழுதல.


அடையாறு ஆலமரம்

நான் எதிர்த் தரப்பு. இணைய இதழ் ஒன்றில் சில வருடங்கள் திரைவிமர்சனம் எழுதியவன். மேலே சொன்ன ஏழெட்டு வார்த்தைகளில் ஐந்தையாவது நானும் எழுதியிருக்கிறேன். அடி விழும் என்று தெரிந்தே வருகிறேன்.

‘மெட்ராஸ்’ 2014இல் வந்தபோது, சுவரை மையமாக வைத்த அரசியலைப் பாராட்டிவிட்டு, ‘கால்பந்துக் காட்சிகள் கதையோடு ஒட்டாத அலங்காரம்’ என்று ஒரு வரி எழுதினேன். கிரிக்கெட்டை விட்டுவிட்டு எந்த ஊர் இளைஞர்கள் கால்பந்து ஆடுகிறார்கள் என்ற மேதாவித்தனம். அதுவரை சென்ட்ரலைத் தாண்டி நான் வடக்கே போனது, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒரே ஒரு முறை.

இரண்டு வருடம் கழித்து நண்பர் ஒருவரின் வீட்டு விசேஷத்துக்காக வியாசர்பாடி போனேன். வழி தவறி முல்லை நகர் மைதானத்துக்கு வந்து நின்றேன். காலை ஏழு மணி. எட்டு வயதுப் பிள்ளைகள், பெண்பிள்ளைகள் உட்பட, வெறுங்காலோடு பந்து கடத்திக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற பெரியவரிடம், “இங்கே எப்போதிலிருந்து ஃபுட்பால்?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உங்க ஊர்ல எப்பலேர்ந்து சார் காபி?” என்றார்.

அந்த வரியை நான் திருத்தவில்லை. இதழ் நின்றுபோய்விட்டது, வரி மட்டும் எங்கோ தேடலில் இன்னும் வருகிறது.

ஒரே ஒரு வாதம் மட்டும் வைக்கிறேன். ஏரியாக்காரர்தான் ஏரியாப் படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றால், நீங்கள் தஞ்சாவூர்ப் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது. விமர்சகனுக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாததைத் தெரிந்தது போல எழுதாமல் இருந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன். என் தவறு அதுதான்.


கொருக்குப்பேட்டை கேட்

ஆலமரம் சார், அடியெல்லாம் இல்ல. காபி பதில் எங்க பக்கத்து ஆளேதான், சந்தேகமே வேண்டாம். நீங்க ஃபுட்பாலை அலங்காரம்னீங்க. ‘வடசென்னை’ கேரம் போர்டுக்கும் இதே கதைதான். அதை என்னென்னவோ குறியீடுன்னு எழுதினாங்க. 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கிட்டு வந்த காசிமா, இந்தப் பக்கத்துப் பொண்ணு. அப்பா ஆட்டோ ஓட்டுறவரு. எங்க சந்துல சாயங்காலம் பவுடர் கொட்டி லைட்டைப் போட்டா அது கேரம் போர்டு, குறியீடு கிடையாது.

அதே வருஷக் கடைசியில தயாரிப்பாளர்கள் சங்கம் ஒண்ணு ஹைகோர்ட்டுக்குப் போச்சு, படம் வந்து மூணு நாளைக்கு விமர்சனம் போடக் கூடாதுன்னு. கோர்ட்டு தடை கொடுக்கல. கொடுத்திருந்தா எங்க டீக்கடையையும் மூணு நாள் மூடியிருக்கணும். மைக் தொல்லையில மாட்டுனவன் நான், ஆனாலும் அந்தத் தடை வேணாம்னுதான் சொல்வேன். விமர்சனம் வரட்டும். “லோக்கலா பேசுங்க”ங்கிறதை மட்டும் விட்டுட்டா போதும்.


மின்ட் சலூன்

ஒண்ணு விட்டுப்போச்சு. அகஸ்தியா தியேட்டரை 2020ல மூடினப்ப நைனா உயிரோட இருந்தாரு. விஷயத்தைச் சொன்னதும் கேட்டாரு: “அதுக்கு விகடன்ல எத்தினி மார்க் போட்டான்?”


பின்னி சங்கு

ஆலமரம் தம்பி, அந்த மைதானத்துக்கு இன்னொரு தடவை வாங்க. இந்தத் தடவை வழி தவறாதீங்க, மூர்த்திங்கர் தெருன்னு கேட்டா யாரும் சொல்வாங்க. காலையில வந்தா பிள்ளைங்க ஆட்டம். சாயங்காலம் வந்தா பர்மாக்காரங்க கடையில அத்தோன்னு நூடுல்ஸ் கிடைக்கும். பேத்தி சொல்றா, முட்டை போட்டு வாங்கச் சொல்லுன்னு.


அடையாறு ஆலமரம்

ஞாயிற்றுக்கிழமை வரலாமா ஐயா?


பின்னி சங்கு

வாங்க. ஆனா அத்தோவைப் பத்தி எழுதாதீங்க.