களிமண் பொம்மை வச்சு ஸ்டாப் மோஷன்: படம் மினுக்குது, பொம்மை சாயுது, உதவி தேவை

மூடுபனி_ஹட்டன்:
வணக்கம், தேயிலைக் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாவ களிமண்ணுல செஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா நகத்தி ஒவ்வொரு போட்டோவா எடுத்துச் சேர்த்து ஓட்டுற ஸ்டாப் மோஷன்ல சின்னப் படம் ஒன்னு எடுத்துக்கிட்டிருக்கேன், ஜன்னலோரம் மேசை போட்டு போன்லதான் எடுக்கிறேன். ஓட்டிப் பார்த்தா வெளிச்சம் கூடிக் குறைஞ்சு மினுக்கிக்கிட்டே இருக்கு. கூடைய மாட்டினா பொம்மை பின்னால சாயுது, கையில வேற வெடிப்பு. ஆத்தங்கரை களிமண்தான். செஞ்சு பழகினவங்க சொல்லுங்களேன்.

பண்டாரவளை_அண்ணன்:
தம்பி, மினுக்கலுக்குக் காரணம் ஜன்னல். ஓடுறப்ப ஒரு செக்கன் வர்றதுக்கே 12 படம் ஒவ்வொன்னா நகத்தி எடுக்கணும், நம்ம பக்கம் அத எடுத்து முடிக்கிறதுக்குள்ளயே மூடுபனி வந்து போயிரும், ஒவ்வொரு படத்துலயும் வேற வேற வெளிச்சம் விழுந்தா மினுக்காம என்ன செய்யும். ஜன்னல கறுப்புத்துணியால அடைச்சிட்டு ரெண்டு மேசை விளக்கு வைங்க. போன்ல எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூணையும் லொக் பண்ணுங்க, ஆட்டோவுல விடவே கூடாது. வெள்ளச் சட்டை வேணாம், அதுல பட்ட வெளிச்சமும் பொம்மை மேல விழும். இன்னொன்னு, நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ், சில எல்ஈடி பல்ப் அதனால செக்கனுக்கு 100 தடவ துடிக்கும், ஷட்டர, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ள விழுற நேரத்த, 1/50 இல்லாட்டி 1/25 செக்கன்ல வைங்க.

கம்பியும்_களிமண்ணும்:
ஆத்து மண்ணுல தண்ணி வத்தினா வெடிக்கத்தான் செய்யும். எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் வாங்குங்க, அது காயாது, குளிருக்கு இறுகினாலும் உள்ளங்கையில வச்சுப் பிசைஞ்சா இளகிரும். உள்ள எலும்புக்கு அலுமினியக் கம்பி ரெண்டு மூணு இழை சேர்த்து முறுக்குங்க, இரும்புக் கம்பிய வளைச்சா கொஞ்சம் திரும்பி வந்துரும். நெஞ்சுக்கு அலுமினியத் தாள உருட்டி வச்சு மேல மெல்லிசா களிமண் பூசினா பாரம் குறையும். கூடைய காகிதத்துல செய்யுங்க. கயிறு தலையில மாட்டுறதால இழுவை முழுக்க கழுத்துக்குத்தான் வரும், அங்க இன்னொரு இழை கூட்டுங்க. முக்கியமா பாதத்துக்குள்ள நட்டு ஒன்னப் புதைச்சு, பலகையில துளை போட்டு கீழ இருந்து ஸ்க்ரூவால பிடிச்சிருங்க, நடக்கிறப்ப ஊன்றின காலுக்கு மட்டும் ஸ்க்ரூ இருந்தா போதும்.

மூடுபனி_ஹட்டன்:
ரொம்ப நன்றிண்ணே. ஸ்க்ரூ எவ்வளவு தடிப்பு? கொழுந்து கிள்ளுற கைய எத்தனை படத்துல முடிக்கலாம்?

கம்பியும்_களிமண்ணும்:
3 மில்லிமீற்றர் போதும். கிள்ளலுக்கு 6 படம் வச்சுப் பாருங்க, அரைச் செக்கன் வரும். சமமா நகத்தாதீங்க, தொடக்கத்துலயும் முடிவுலயும் கொஞ்சமா, நடுவுல கூட. மலையில நின்னு நல்லாப் பாருங்க, ரெண்டு கையும் மாறி மாறிப் பறிக்கும், கை நிறைஞ்சதும் தோளுக்கு மேலால கூடைக்குள்ள போடுவாங்க, அந்த வீச்சு சரியா வந்தாத்தான் நம்ம அம்மாக்கள் பார்த்து ஒத்துக்குவாங்க.